கடலூர் நீர்வளம் மிக்க மாவட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், கரும்பிலிருந்து எடுத்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பற்றி வந்த கட்டுரையில், “கடலூர் போன்ற நீர்வளம் மிக்க மாவட்டங்களில் எரிபொருள் பயிர்களின் பரப்பைத் தாராளமாக உயர்த்தலாம்” என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் தம்பி மகன் வந்து நிற்கிறான். “பெரியப்பா, முந்திரியை எடுத்துட்டுக் கரும்பு வைக்கலாம், பத்திரிகையிலேயே போட்டிருக்காங்க” என்கிறான். முப்பது வருஷமாக இந்த வீட்டில் உங்கள் பத்திரிகை வாங்குகிறோம். அதில் வந்தால் சரியாக இருக்கும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

நான் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயி. நெய்வேலி வட்டாரத்தில் ஒரு காலத்தில் போர் போட்டால் மோட்டாரே வேண்டாம், தண்ணீர் தானாகப் பொங்கி வழியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் அப்பா போட்ட போரும் அப்படித்தான். நான்கு அங்குல இரும்புக் குழாய், வளைந்த வாய், அதற்குக் கீழே ஒரு கருங்கல். ராப்பகலாகத் தண்ணீர் விழுந்து விழுந்து அந்தக் கல்லில் குழியே விழுந்துவிட்டது. கல் இன்னும் வாசலில் கிடக்கிறது. அந்தக் குழியில் இப்போது கோழிக்குத் தவிடு வைக்கிறோம். அதே நிலத்தில் இன்று நீர்மூழ்கி மோட்டாரை 400 அடிக்குக் கீழே இறக்கியும், சித்திரை வைகாசியில் அரை மணி நேரம் ஓடினால் குழாய் காற்றைத்தான் துப்புகிறது.

தண்ணீர் எங்கே போனது? பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இறைக்காமல் நெய்வேலியில் சுரங்கம் வெட்ட முடியாது. அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த இறைப்பு நடக்கிறது. 2004-லிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் நெய்வேலிப் பக்கத்து வடக்குத்து ஊரில் சுத்தமாகி, குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னை மக்களும் குடிக்கத்தானே வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. இலவச மின்சாரம் வந்த பிறகு விவசாயிகள் நாங்களும் கணக்கு வழக்கில்லாமல் இறைத்தோம். யாரால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் மூன்று பேர் இறைக்கும் கிணற்றுக்கு நான்காவதாக ஒரு ஆளைக் கூப்பிடுகிறீர்கள்.

கட்டுரை எழுதியவர் எங்களை வெள்ளச் செய்திகளில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். 2015-இல் மூழ்கினோம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. அந்தத் தண்ணீர் நான்கு நாளில் கடலுக்குப் போய்விட்டது ஐயா. பங்குனியில் கரும்பு காயும்போது அது திரும்பி வராது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை ஒரு டன் கரும்புக்கு 70 லிட்டர் எத்தனால் என்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்றும் அதே அறிக்கைதான் சொல்கிறது. ஏக்கருக்கு 40 டன் என்று வைத்தால் 2,800 லிட்டர் எத்தனால், அதற்கு 80 லட்சம் லிட்டர் தண்ணீர். எங்கள் மாவட்டத்தில் வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழை என்று வைத்தாலும் ஒரு ஏக்கரில் விழுவது 48 லட்சம் லிட்டர்தான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் கொட்டி ஓடிவிடும். மீதியை எந்த ஊற்றிலிருந்து எடுப்பது? 2023-இல் மழை குறைந்து கரும்பு விளைச்சல் படுக்கும் என்று தெரிந்ததும், கரும்புச் சாற்றில் எத்தனால் எடுப்பதை டிசம்பரில் மத்திய அரசே நிறுத்தி வைத்தது. இது கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் எத்தனாலை நான் குறை சொல்லவில்லை. அதனால் ஆலைக்குக் கையில் காசு வந்து விவசாயிக்கு நேரத்தில் பணம் கிடைத்தால் சந்தோஷம். நானும் ஆலையில் பதிந்து கரும்பு போட்டவன். ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து தோகை காய்ந்து, வெட்டி அனுப்பிய கரும்புக்கு ஒன்றரை வருஷம் பணம் வராமல் மகள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவன்.

அதற்கு முன்னால் காட்டாமணக்கு. 2007-இல் பயோடீசல் என்று சொல்லி எங்களிடம் கன்று கொடுத்தார்கள். தரிசில் வளரும், ஆடு தின்னாது, தண்ணீரே வேண்டாம் என்றார்கள். மூன்று ஏக்கரில் வைத்தேன். தண்ணீர் ஊற்றாமல் செடி உயிரோடு இருந்தது, காய்க்கவில்லை. இரண்டு கோடை நானும் என் மனைவியும் குடத்தில் தூக்கி ஊற்றினோம். மூன்றாம் வருஷம் ஒன்றரை மூட்டை கொட்டை கிடைத்தது. வாங்க ஒருவரும் வரவில்லை. மூட்டை திண்ணையிலேயே புழுத்துப் போயிற்று. செடியைப் பிடுங்கிவிட்டு முந்திரி வைத்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் சுற்றுவட்டாரத்துப் பெரிய மரங்களை எல்லாம் வேரோடு சாய்த்தது. என் இளங்கன்றுகள் வளைந்து தப்பின. அந்த மரங்களைத்தான் இப்போது என் தம்பி மகன் எடுக்கலாம் என்கிறான். ஒரு சொட்டுப் பாய்ச்சாமல் வானத்தை மட்டும் நம்பிக் காய்க்கிற மரங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியிலுள்ள ‘நீர்வளம் மிக்க’ என்பது தவறு என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். எரிபொருள் பயிர் எதைப் பற்றி எழுதினாலும், ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

தை பிறந்ததும் மரம் வெட்ட ஜேசிபிக்கு முன்பணம் கொடுப்பதாக அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அடுத்த இதழ் வரும்வரை பொறு என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முந்திரி விவசாயி ஒருவர்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்