நிலாக் கடலுக்குக் கறுப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் பக்கத்தில் நிலவொளிக் கடற்கரை வரையும் முறையைப் படித்தோம். தாள் முழுவதும் கறுப்புப் பூசி, நடுவில் வெள்ளை நிலாவை வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மாதிரிக்கு அச்சிட்டிருந்ததோ, ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1822இல் தீட்டிய, பெர்லினில் உள்ள ‘கடல்மேல் நிலவெழுச்சி’. கறுப்பு வெள்ளை அச்சில் எல்லாம் இருட்டாகத்தான் தெரியும். மூல ஓவியத்தில் வானம் ஊதா. நிலாவை ஒட்டி மஞ்சள். கரைப்பாறையும் அதில் முதுகு காட்டி அமர்ந்திருக்கும் மூவரும்தான் நன்றாக இருண்டிருப்பார்கள்.

முழுநிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்திலேயே எழும். அந்தி வெளிச்சம் அப்போது வானத்தில் மிச்சமிருக்கும். நம் பக்கம் மலை மறைப்பதால் நிலா பிந்தித்தான் தெரியும், அதற்குள் இருட்டிவிடும். பிள்ளைகள் கறுப்பைத் தேடுவது அதனால்தானோ என்னவோ! முழுநிலா நாளான போயாவுக்கு முதல் நாள் காசல்ரி நீர்த்தேக்கக் கரையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அன்று நிலா முக்கால் மணி நேரமளவு முந்தி எழுவதால், வெளிச்சம் இருக்கும்போதே மலைக்கு மேலே வந்துவிடும்.

நீர்வர்ணத்தில் செய்வதானால், முதலில் தாள் முழுவதும் நீர்த்த மஞ்சள் ஓக்கர். காய்ந்தபின் மெழுகுவர்த்தித் துண்டால் நிலாவை அழுத்தித் தேய்க்க வேண்டும். நீட்டிய கையின் சுண்டுவிரல் நகமே வானத்து நிலாவை மறைத்துவிடும். ஏ4 தாளில் 1 செ.மீ. தாராளம். நீரில் விழும் ஒளிக்கு மெழுகைப் படுக்கவைத்து, குறுக்காக, மெதுவாக இழுத்தால் தாளின் சொரசொரப்பில் மட்டும் ஒட்டும். அலை உடைந்ததுபோல் வரும். அழகுக்காகப் படகை நோக்கி அந்த ஒளியைச் சாய்க்கிறார்கள். அது தவறு, நிலாவுக்கு நேர் கீழேதான் இறங்கும். மெழுகின் மேல் வர்ணம் பிடிக்காது, ஆகவே இடத்தை முன்னரே தீர்மானித்துவிட வேண்டும்.

பிறகு அல்ட்ராமரின் நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஒரு பங்கு கலந்து மெல்லிய பூச்சு மூன்று. வானத்தில் ஊதா வேண்டுமென்றால் துளி சிவப்பு. மூடுபனி நாட்களில் தாள் காய்ந்ததுபோல் ஏமாற்றும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம். அந்த நேரத்தில் தூரிகை பட்டால் அடிப்பூச்சு கிளம்பித் திட்டுத்திட்டாகும்.

அந்த ஓவியத்தை இன்னொரு முறை, வர்ணத்திலேயே அச்சிடுங்கள்.

சித்திர ஆசிரியர்கள்,
ஹட்டன்