ஆன்லைன் கடைகளில் ஓவர்லே விட்ஜெட்டுக்குப் பதிலாக நிரலையே திருத்தச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பார்வை மாற்றுத்திறனாளி, அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.
(பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஈரோடு.

பொருள்: அரசு நிதியிலும் மானியத்திலும் நடக்கும் ஜவுளி, வேளாண் பொருள் ஆன்லைன் கடைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென "அணுகல் விட்ஜெட்" என்ற மேலொட்டு நிரலை ஒட்டுவதை ஏற்காமல், தளத்தின் நிரலைத் திருத்த உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வை மாற்றுத்திறனாளியின் மனு என்றதும் உதவித்தொகை, பஸ் பாஸ் என்று எண்ணி வேறு மேசைக்கு அனுப்பிவிடாமல், தாங்களே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். எனக்குச் சம்பளம் வருகிறது. அதைச் செலவு செய்ய விடமாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் என் குறை.

கடந்த தை மாதம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் என்றால் நம் பக்கத்தில் என்ன என்பது, எந்த ஊரிலிருந்து வந்த அதிகாரிக்கும் இங்கே ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். சீரோடு பவானி ஜமக்காளம் ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். அந்தத் தறிக்குழியில் உட்கார்ந்துதான் அப்பா எங்களைப் படிக்க வைத்தார். நேரிலேயே போய் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். போனால், கூட வருகிறவர்தான் எடுப்பார். கடைக்காரரும் அவரிடமே விலை சொல்வார், என்னைக் காட்டி "அவருக்குப் பிடிச்சிருக்குதுங்களா?" என்று அவரிடமே கேட்பார். மருமகளுக்கு நானே தேடி எடுத்ததாக ஒன்று இருக்கட்டும் என்றுதான் நம் பகுதிப் பொருள்களை விற்கும் ஓர் ஆன்லைன் கடைக்குப் போனேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஒரு கடையின் மேல் நடவடிக்கை எடுத்து முடித்துவிடும் காரியமாக இது ஆகிவிடக் கூடாது.

நான் கணினியில் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர். திரையில் இருப்பதை அது குரலில் சொல்லும். மவுஸ் இல்லாமல் டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் நகர்ந்து போவேன். ஜமக்காளப் பக்கத்தில் ஆறு நிறங்கள் இருந்தன. பார்ப்பவர்களுக்கு ஆறு வண்ணக் கட்டங்கள். எனக்குக் கேட்டது: "கிளிக்கபிள், கிளிக்கபிள், கிளிக்கபிள்..." ஆறு முறை. அளவுப் பெட்டியில் "காம்போ பாக்ஸ்" என்றது. எதற்கான பெட்டி என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகப் பேசி, "அரக்குல பச்சைப் பட்டை மூணாவதா இருக்குதுங்க சார்" என்றார். மூன்றாவதை எடுத்தேன். பணம் கட்டப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டி வந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

பார்சலைத் தங்கை வீட்டில் பத்துப் பேர் நடுவில் பிரித்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தங்கைதான், "ஏனுங்கண்ணா, கறுப்புப் பட்டையாட்ட வந்திருக்குதுங்களே" என்றாள்.

கல்யாணச் சீரில் கறுப்பு! மாப்பிள்ளை மறுநாள் விடியும் முன்னே பைக்கை எடுத்துக்கொண்டு பவானிக்குப் போய் வேறு வாங்கி வந்தார். கறுப்புப் பட்டை போட்டது இப்போது என் கட்டிலில் கிடக்கிறது. நெசவில் ஒரு குறை சொல்ல முடியாது.

தவறு எங்கே நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. திரையில் கட்டங்கள் தெரியும் வரிசை வேறு, நிரலில் அவை எழுதப்பட்ட வரிசை வேறு. அந்தப் பெண் கண்ணால் எண்ணிய மூன்றாவது அரக்கு. என் ஸ்கிரீன் ரீடர் நிரல் வரிசைப்படி எண்ணிய மூன்றாவது கறுப்பு. இருவர் சொன்னதும் சரிதான்.

கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, "எங்கள் தளம் இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முழுமையாக ஏற்றதாக மாற்றப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டுத்தான் உள்ளே போனேன். பக்கத்தின் ஓரத்தில் ஆள் உருவம் போட்ட ஒரு வட்டப் பட்டன் முளைத்திருந்தது. அதைத்தான் ஓவர்லே, விட்ஜெட் என்கிறார்கள். வெளியார் நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தருவார்கள். அதைத் தளத்தில் ஒட்டினால், பக்கம் உலாவியில் திறந்த பிறகு மேலிருந்து சில மாற்றங்களைச் செய்யும். அடியில் இருக்கும் நிரல் அப்படியே இருக்கும். சந்தா நின்றால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். (குருடன் நானே சொல்வதால் இந்தப் பழமொழியைப் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.)

அந்த விட்ஜெட்டின் "ஸ்கிரீன் ரீடர் முறை"யைப் போட்டதும் முன்பு "கிளிக்கபிள்" என்ற ஆறும் "பட்டன்" என்று பேசின. பட்டன், பட்டன், பட்டன். நிறம் மட்டும் வரவே இல்லை. படங்களுக்கு அதுவாகவே விளக்கம் எழுதியிருந்தது: "கோடுகள் உள்ள துணி". ஜமக்காளத்துக்கும் அதுதான், சென்னிமலைப் போர்வைக்கும் அதுதான், கரூர்த் திரைச்சீலைக்கும் அதுதான். போதாததற்கு விட்ஜெட்டின் சொந்தக் குரல் வேறு பேச ஆரம்பித்தது. என் கணினியின் குரலும் அதுவும் சேர்ந்து பேசியதில் சந்தைக்குள் நிற்பது போல இருந்தது. அணைக்கும் பட்டனைத் தேடவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் அங்கே விட்ஜெட்டே இல்லை. அந்தப் படிவம் வேறு நிறுவனத்தின் தளத்திலிருந்து வருகிறது. ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் வேறு தளத்தின் பக்கத்துக்குள் கை வைக்க உலாவியே விடாது. அது பாதுகாப்பு விதி. ஓடிபி பெட்டி எங்கே என்று நான் தேடி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முதல் தடவை பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டதும் இதே இடத்தில்தான். என் கார்டு எண்ணை அவனிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் பணம் கட்டினேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். அவனை உட்கார வைத்து அந்த ஜமக்காளப் பக்கத்தை உலாவியிலேயே திறந்து திருத்தச் சொன்னேன். கடையின் தளத்தை அது தொடாது; எங்கள் கணினியில் மட்டும் மாறும் ஒத்திகை. நிறக் கட்டங்கள் வெறும் டிவ் என்ற பெட்டிகளாக எழுதப்பட்டிருந்தன. அவற்றை உண்மையான பட்டன்களாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினான். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே நிரலிலும் அடுக்கினான். அளவுப் பெட்டிக்கு லேபிள் கொடுத்தான். படத்துக்கான விளக்கத்தை நான் சொல்ல அவன் தட்டினான்: "பவானி ஜமக்காளம், அரக்கில் பச்சைப் பட்டைகள், இரு முனையிலும் குஞ்சம்." கார்ட்டில் பொருள் சேர்ந்ததும் திரையில் மட்டும் வந்து மறைந்த செய்தியை, ஸ்கிரீன் ரீடரும் வாசிக்கும்படி மாற்றினான். பக்கம் தமிழ் என்பதை நிரலின் தொடக்கத்தில் குறித்தான். அது இல்லாததால்தான் என் கணினியின் ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளை விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் டேப் விசையை அழுத்தினேன். "அரக்கில் பச்சை, பட்டன்." அடுத்து, "கறுப்பில் வெள்ளை, பட்டன்." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் மட்டும் கொஞ்சம் சங்கடத்தோடு, "சார், நம்ம கம்பெனி சைட்லயும் அந்த விட்ஜெட்டத்தானுங்க போட்டு வெச்சிருக்கறோம்" என்றான்.

இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரக் காரணம், அந்தக் கடையில் எல்லாப் பொருள் பக்கங்களும் ஒரே வார்ப்பில்தான் (டெம்ப்ளேட்) வருகின்றன. பட்டனையும் லேபிளையும் வார்ப்பில் ஒருமுறை திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் திருந்திவிடும். படத்துக்கும் நிறத்துக்கும் வார்த்தை எழுதுவது மட்டும் பொருளுக்குப் பொருள் செய்ய வேண்டிய வேலை. அதைப் பொருளைத் தெரிந்த மனிதர்தான் எழுத முடியும். அந்த மனிதர்கள் நம் சங்கங்களிலேயே இருக்கிறார்கள். பாவில் இழை அறுந்தால் தறியிலேயே முடிச்சுப் போடுவார் அப்பா. துணி இறங்கிய பிறகு மேலே ஒட்டுப் போட்டுக் கொடுத்தால் எந்தச் சங்கத்திலும் எடுக்க மாட்டார்கள்.

விட்ஜெட்டில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறதே என்று விற்பவர்கள் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்; மங்கலாகப் பார்க்கிறவர் யாருக்காவது உதவலாம். கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உலாவியே இலவசமாக அதைச் செய்யும் என்பது வேறு. எனக்கு ஆட்சேபம், அதை ஒட்டிவிட்டு "வேலை முடிந்தது" என்று சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொள்வதில்தான்.

அப்படிப்பட்ட சான்றிதழ்களுக்கு வெளிநாட்டில் நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். இந்த விட்ஜெட் வியாபாரத்தில் பெரிய பெயரான அக்சஸிபி நிறுவனம், எந்தத் தளத்தையும் டபிள்யூசிஏஜி என்ற உலக இணைய அணுகல் தரத்துக்குத் தானாகவே கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்தது தவறு என்று அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அந்த உத்தரவின்படி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்நாட்டுப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2021லேயே அதே நிறுவனத்தை வெளிப்படையாகக் கண்டித்திருந்தது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் அணுகல் சட்டம் ஆன்லைன் விற்பனைக்கும் பொருந்துகிறது. திருப்பூரிலும் கரூரிலும் இருந்து அங்கே நேரடியாக விற்க நினைப்பவர்களிடம் இந்த விட்ஜெட்டைக் கொண்டுபோய் "இது போதும்" என்று தள்ளிவிடுகிறார்கள் என்று என் மாணவனே சொல்கிறான்.

நம் சட்டமும் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பிரிவு 46, சேவை தருபவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளின்படியே தர வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின் 15ஆம் விதியில் 2023இல் அது சேர்க்கப்பட்டது. அந்த விதி வெறும் பரிந்துரையாக இருப்பது போதாது, கட்டாயத் தரங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. 2011 கணக்கெடுப்பின்படியே நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. பவானி ஜமக்காளத்துக்கும் ஈரோடு மஞ்சளுக்கும் புவிசார் குறியீடு வாங்கி உலகத்துக்கு விற்கப் பாடுபடுகிறோம். வாங்கக் காத்திருப்பவர்களில் இத்தனை பேரை வாசலில் நிறுத்தி வைப்பது வியாபாரக் கணக்கிலும் நஷ்டம்தான்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இதுதான். நம் மாவட்டத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் நடத்தும் ஆன்லைன் கடைகளுக்கும், மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக மானியம் பெற்றுக் கட்டப்படும் கடைகளுக்கும், வேலை ஆணையிலேயே ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: தளத்தின் நிரல் ஐஎஸ் 17802படி இருக்க வேண்டும், விட்ஜெட் ஒட்டியது இணக்கமாகக் கருதப்படாது. கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவர் மவுஸைத் தொடாமல் ஒரு பொருளைத் தேடி, நிறம் தேர்ந்து, பணம் கட்டி, பிறகு ஆர்டரை ரத்தும் செய்து காட்ட வேண்டும். ரத்து செய்வதை விட்டுவிடாதீர்கள். நான் மாட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. சோதித்துப் பார்ப்பவருக்கு அதற்கான கூலியையும் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். ஏற்கெனவே விட்ஜெட்டுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் அந்தப் பணத்தை நிரல் திருத்தத்துக்குச் செலவிடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். தனியார் கடைகள் தங்கள் நேரடி அதிகாரத்தில் வராது என்பது தெரியும். ஜவுளி வணிகர் சங்கங்களுக்கு ஓர் அறிவுரைக் கடிதம் அனுப்பி, இந்த மனுவின் நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்பி வைத்தால் போதுமானது.

இன்னொன்று. வெப்சைட் செய்யும் நம் பிள்ளைகள் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. ஸ்கிரீன் ரீடர் பேசி அவர்கள் கேட்டதே இல்லை. என் மாணவன் படித்த பொறியியல் கல்லூரியில் நான்கு வருடத்தில் ஒருவரும் அவனுக்கு அதைப் போட்டுக் காட்டவில்லை. ஆட்சியர் அலுவலகத்திலோ தொழில் மையத்திலோ அரை நாள் வகுப்பு வைத்தால், என் லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு நானே வந்து காட்டுகிறேன். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை என்றால் பள்ளிக்கு விடுப்பும் போட வேண்டியதில்லை. கட்டணம் வேண்டாம்.

விட்ஜெட்டோடு அந்தப் பக்கம் எனக்கு எப்படிக் கேட்கிறது, திருத்திய பிறகு எப்படிக் கேட்டது என்ற இரண்டு ஒலிப்பதிவுகளைப் பென் டிரைவில் இணைத்திருக்கிறேன். படிக்க நேரம் இல்லாவிட்டாலும் முதல் பதிவில் இரண்டு நிமிடம் மட்டும், திரையைப் பார்க்காமல், கேட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், ஈரோடு, கைத்தறித் துறை உதவி இயக்குநர், ஈரோடு, பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், ஈரோடு.