பொங்கலுக்குப் பெயிண்ட் வேண்டாம், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பொங்கலுக்குள் கூடத்தைப் புதுசாக்க வேண்டும், ஆள் வைத்துச் செய்யக் காசில்லை, நீயும் மாப்பிள்ளையுமே இறங்கிச் செய்யப் போகிறீர்கள், என்னென்ன வாங்குவது என்று கேட்டிருந்தாய். அளவெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். பெயிண்டை மட்டும் இப்போது வாங்காதே. மாசி கடைசி, பங்குனி வரை பொறு.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையைக் குடித்த சுவர் மார்கழிப் பனியில் காயாது. உங்கள் பக்கம் களிமண் பூமி வேறு. அஸ்திவாரத்தைச் சுற்றி நிற்கும் ஈரம் தை பாதி வரைக்கும் போகாது. அந்தச் சுவரில் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் நீருக்கு வெளியேற வழி அடைபட்டுப் போகும். சித்திரை வெயிலில் அது வெளியே வரப் பார்க்கும்போது பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து கிளம்பும். போகிக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம்தானே என்று உன் மாமியார் சொல்வார். வழக்கம் சரிதான். அந்தக் காலத்தில் அடித்தது சுண்ணாம்பு. ஈரத்தை வெளியே விடும். வழக்கம் அப்படியே இருக்கிறது, வாளிக்குள் இருக்கும் சரக்குதான் மாறிவிட்டது.

இன்றைக்கே ஒரு சோதனை செய். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டு. ஒரு நாள் முழுக்க விடு. தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்க்கும் பக்கம் நீர் படிந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

சுவருக்குள்ளிருந்து வந்தால், எந்த உயரத்தில் வருகிறது என்று பார். தரையை ஒட்டி இரண்டு மூன்று அடி வரை என்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேல் மூலையில் என்றால் மொட்டைமாடி. நடுவில் ஒரே இடத்தில் திட்டு என்றால் அந்தச் சுவருக்குப் பின்னால் குழாய் ஏதாவது போகிறதா பார். மாடித் தண்ணீர் போகும் துளையில் வேப்பிலைச் சருகு அடைத்திருப்பதுதான் பல வீடுகளில் மொத்த வியாதியும். கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வா: சுவரை ஒட்டிப் பூந்தொட்டி வரிசை, சுவர் ஓரமாகக் கொட்டி உயர்ந்துபோன மண், ரோட்டை மேலே மேலே போட்டு வாசல் பள்ளமாகித் தேங்கும் தண்ணீர். தொட்டியை ஒரு அடி தள்ளி வைப்பதற்கும், மண்ணை வெட்டி எடுத்துத் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு கொடுப்பதற்கும் மண்வெட்டி போதும். உள்பக்கம் ‘வாட்டர் ப்ரூஃப்’ பூச்சு அடித்து மூடுவது மட்டும் வேண்டாம். ஓதம் பூச்சுக்கு மேலே ஏறி இன்னும் ஒரு அடி உயரத்தில் வெளிவரும்.

வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதே. கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாங்கி வெளியே கொட்டு. பொரிந்த பெயிண்டைப் பட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை அப்படியே வெறுமையாக விடு. பொங்கலுக்கு வருகிறவர்கள் ஏதாவது சொன்னால் சொல்லட்டும். அந்த இடத்தில் ஒரு பாயைச் சாய்த்து வை. ஓதச் சுவரை மறைக்கக் கடைக்காரர் ஒட்டும் ஃபோம் பேனலைக் காட்டுவார். அதற்குப் பின்னால் பூஞ்சையும் கரப்பானும் குடித்தனம் நடத்தும், பிய்த்தால் சுவர்ப் பூச்சும் கையோடு வரும்.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்ற இடம் கொல்லைப்புறத் தாழ்வாரமும் திண்ணைச் சுவரும். ஏற்கெனவே சுண்ணாம்பு கண்ட சுவர்களுக்கு மட்டும் இது. எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது. 5 கிலோ கல் சுண்ணாம்புக்கு 25 லிட்டர் தண்ணீர். பழைய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. கல்லைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்து மேலே தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் பட்டால் விடாமல் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரி.

ஒரு நாள் ஊறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டு. 10 லிட்டருக்கு 40 கிராம் வீதம், மொத்தம் 100 கிராம் வஜ்ஜிரத்தை (தச்சர் பயன்படுத்தும் பசை) வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் பூச்சு முதுகில் ஒட்டாது. கிலோவுக்கு 3 கிராம் கணக்கில் 15 கிராம் நீலத்தூளைத் தனியாகக் கரைத்து ஊற்று. அதற்கு மேல் போனால் சுவர் நீலச் சாயல் அடிக்கும். சுவரை நனைத்துவிட்டுத்தான் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை எடுக்க வேண்டும். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பிறகு குறுக்காக. எல்லாரும் தப்பு செய்வது இங்கேதான்: ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி தெரியும், ஒன்றுமே படியாத மாதிரி இருக்கும். பயந்து கெட்டியாகக் கலக்கினால் பத்து நாளில் ஏடு ஏடாக உதிரும். பால் பதத்தில் மூன்று தடவை அடி. காயக் காய வெளுக்கும். கடைசியில் மிஞ்சியதில் காவியைக் கரைத்து, தரையை ஒட்டி ஒரு அடிக்குப் பட்டை இழுத்துவிடு. கூட்டும்போது படும் அழுக்கும் அதில் தெரியாது.

இனி கூடம். சுவரைத் தொடாமலே கூடத்தின் முகத்தை மாற்றுவது ஜன்னல்தான். திரைச்சீலை வாங்காதே. பீரோவில் கட்டாமல் கிடக்கும் பருத்திப் புடவை போதும்.

உங்கள் ஜன்னல் நாலுக்கு நாலடி. திரை மாட்டும் கம்பி, ஜன்னலுக்கு மேலே 6 அங்குலத்தில், இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீட்டிக்கொண்டு 5 அடி நீளம். திரைச்சீலை ஜன்னலுக்குக் கீழே 6 அங்குலம் இறங்கினால் தைத்த பிறகு உயரம் 60 அங்குலம். மேலே கம்பி நுழைய அரை அங்குலம் மடித்து இரண்டரை அங்குலம், கீழே அரை அங்குலம் மடித்து 3 அங்குலம். ஆக அறுபத்தாறரை அங்குலம்; ஒன்றரை அங்குலம் கூடுதலாக வைத்து ஒரு துண்டு 68 அங்குலம் வெட்டு. ஐந்தரை மீட்டர் புடவை ஏறக்குறைய 216 அங்குலம். மூன்று துண்டு வரும். ஒரு துண்டு அகலம் சுமார் 45 அங்குலம் இருக்கும். இரண்டு துண்டு மாட்டினால் கம்பி நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி. சுருக்கம் நன்றாக விழும். அதைவிடக் குறைந்தால் போர்வையைக் காயப் போட்ட மாதிரி தொங்கும்.

வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவை, சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். ஃபால்ஸைப் பிரித்துவிடு. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் தெரியும், கொசுவம் வைக்கும் பகுதிதான் பெரும்பாலும். நைந்த பகுதி மூன்றாவது துண்டில் விழும்படி வெட்டி, அதை ஒதுக்கிவிடு.

ஒரு சங்கதி: புடவையின் நீளம் திரைச்சீலையின் உயரமாகிறது. அதனால் உருவங்கள் படுத்துக்கொள்ளும். மயில் போட்ட புடவை என்றால் மயில் சாய்ந்து கிடக்கும். சுங்குடிப் புள்ளி, கண்டாங்கிக் கட்டம், வெறும் நிறம், இவைதான் இதற்குத் தோது. கரை இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கும். ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைத்தால் பெரிய கரை இரண்டும் நடுவில் வந்து சேரும். பார்க்கத் தனி அழகு.

வெயில் விழும் ஜன்னலுக்கு உள்துணி வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கோடையில் சாயம் போய்விடும். மாப்பிள்ளையின் பழைய எட்டு முழ வேட்டி பன்னிரண்டடி. சரியாக இரண்டு துண்டு வரும். மேலே மட்டும் சேர்த்துத் தை. அடியைத் தனியாக, ஒரு அங்குலம் குட்டையாக விடு. இரண்டு துணியும் ஒரே அளவில் சுருங்காது. அடியிலும் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே உப்பிக்கொள்ளும்.

கம்பிக்கு அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். பி.வி.சி. குழாய் ஐந்தடிக்கு நடுவில் தொய்யும். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் கான்கிரீட் இருக்கும். சாதாரண டிரில்லில் அங்கே துளை விழாது, சூடாகி பிட் முனைதான் மழுங்கும். ஹாமர் டிரில்லை அரை நாள் வாடகைக்கு எடு. திருகு பிடிக்கத் துளையில் செருகும் ராவல் பிளக் அளவுக்கே பிட் எடு, பெரிதாகப் போட்டால் ஆடும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே போடாதே, உள்ளே வயர் ஓடும்.

விளக்கையும் இப்போதே மாற்றிவிடலாம். கூடத்தில் இருக்கும் டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்), ஆஸ்பத்திரி வெளிச்சம். அதை அப்படியே விட்டுவிட்டு, மூலையில் இளமஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு 3000 கெல்வின் எல்.இ.டி. பல்பு தனி சுவிட்ச்சில் போடு. சாயங்காலம் அது மட்டும் எரியட்டும். உத்தரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து தொங்கும் தாத்தா, பாட்டி படங்களையும் இறக்கு. நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குள் வந்தால்தான் முகம் தெரியும். நிரந்தர ஆணி பெயிண்ட் ஆன பிறகு.

பங்குனிக் கணக்கு இதோ. கூடம் 12க்கு 14 அடி, உயரம் 10. சுற்றளவு 52 அடி. 520 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 440. பெயிண்டுக்கு அடியில் முதலில் அடிக்கும் பிரைமர் ஒரு கோட்டுக்கு 4 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி வரும்; 7 லிட்டர். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகும், அதனால்தான் அவசரப்படாதே என்கிறேன். ஒயிட் சிமென்ட் பட்டி குழிகளுக்கு மட்டும் என்றால் 5 கிலோ போதும். கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் கலக்கு. இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டு அடித்தால் மாவாக உதிரும்.

அதற்கு முன் பழைய பூச்சில் செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார். ஏடு வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் சுரண்டியே ஆகவேண்டும். ஈர விரலால் தேய்த்து மாவு ஒட்டினால் டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அதையும் தேய்த்து எடுக்காமல் பிரைமர் அடித்தால், பிரைமர் சுவரைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். கதவின் எனாமலை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதே. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன் அடித்த கதவில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது. தண்ணீர்த் தாளை நனைத்துத் தேய், வழியும் சேற்றைத் துணியில் வழித்து எடு.

நிறத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதே. சின்ன டப்பா ஒன்று வாங்கி, காலண்டர் அட்டையில் இரண்டு கோட் அடித்து, ராத்திரி உங்கள் விளக்கில் சுவரோடு வைத்துப் பார். டப்பாக்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிடு. டப்பாவுக்கு டப்பா சாயல் மாறும். இரண்டு கோட்டுக்கும் தண்ணீர் அளவு டப்பாவில் எழுதியிருக்கிறபடி. சிக்கனம் என்று கூட ஊற்றினால் திட்டுத் திட்டாகத் தெரிந்து மூன்றாவது கோட் கேட்கும். ஓரங்களைப் பிரஷ்ஷால் முடித்த கையோடு ரோலரை எடு. ஒரு சுவரை ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் காபி. அடிக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. பாதியில் காய்ந்து கோடு விழும். கோட்டுக்குக் கோட் நாலு மணி நேர இடைவெளி.

பிளாஸ்டிக் தாளில் எந்தப் பக்கம் நீர் கோத்தது, எத்தனை அடி உயரத்தில் என்று பார்த்து எழுது. மாடிப் பக்கம் என்றால் மாப்பிள்ளையை மழைத்தண்ணீர்த் துளையில் கை விட்டுப் பார்க்கச் சொல். பாதி பிடி சருகாவது வரும்.

அன்புடன்,
அண்ணன்