நெம்பாதே, சாவி அனுப்புகிறேன்

அன்புள்ள செல்வம்,

படங்கள் வந்து சேர்ந்தன. மெல்பர்னில் பழைய பேருந்து வாங்கி வீடாக்கப் போவதாக நீ சொன்னபோது பாதிதான் நம்பினேன். உள்ளே கட்டிலும் அடுப்பும் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரிலும் சாங்கி வில்லேஜில் ஓடி ஓய்ந்த 20 பேருந்துகளை அறைகளாக்கி, 2023 டிசம்பரில் தங்கும் விடுதி திறந்தார்கள். பேத்தியோடு போய்ப் பார்த்தேன். 17 வருடம் ஆனால் வண்டியைக் கழித்துவிட வேண்டும் என்று இருந்த விதி உனக்குத் தெரியும். நாம் அடியில் படுத்து வேலை பார்த்த மாதிரியான வண்டிக்குள் வெள்ளை மெத்தை விரித்திருந்தது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

சரி, திறக்க வரவில்லை என்று நீ சொன்ன டிக்கிக் கதவுக்கு வருகிறேன். படத்தில் பூட்டுக்குப் பக்கத்தில் அலுமினியத் தகடு நெளிந்திருக்கிறது. ஸ்க்ரூட்ரைவரால் நெம்பியிருக்கிறாய். இனி வேண்டாம். டிப்போவில் சேர்ந்த புதிதில் நானும் அப்படி நெம்பி, ஒரு கதவின் விளிம்பைக் கெடுத்தேன். மழைநீர் உள்ளே இறங்கி பேட்டரிப் பெட்டியெல்லாம் துரு. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

குழிக்குள் தெரிவது சதுர முனை. அதை வெர்னியர் அளவுகோலால் துல்லியமாக அளந்து எழுது. சாவியின் துளை அரை மில்லி பெரிதாக இருந்தாலும் வழுக்கும். நான்கு மூலையும் மழுங்கிய பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைகளில் கூட்டல் குறி மாதிரி நான்கு முனைச் சாவி கிடைக்கிறது. சட்டைப்பையில் அடங்கும், அவசரத்துக்குப் போதும். தினமும் திறக்க, நீளக் கம்பியின் மேல் குறுக்குப் பிடி வைத்த டி-சாவிதான் சரி. குனியாமல் திருப்பலாம், நம் வயதில் முட்டிக்கும் நல்லது. பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தையில் வாங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது. 2017 ஜூலையில் சந்தையை மூடுவதற்குச் சில வாரம் முன்பு எடுத்தது. பிடியில் யாரோ சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள்; ஈரக் கையிலும் நழுவாது.

பூட்டைத் திறந்தும் கதவு வரவில்லை என்றால் ரப்பர் ஒட்டியிருக்கும். உள்ளங்கையால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வா, விட்டுவிடும். அப்புறம் ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் அடி. கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

மேலே தூக்கும் கதவுகளுக்கு முனையில் கொக்கி வைத்த அலுமினியக் கம்பு ஒன்று செய்துகொள். இழுத்து மூட எட்டிக் குதிக்க வேண்டாம். இன்னொன்று, இதை மறக்காதே: கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டான கேஸ் ஸ்ட்ரட்டின் விசை குளிரில் குறையும். மதியம் நின்ற கதவு உங்கள் ஊர் ஜூலை விடியலில் தலைமேல் இறங்கலாம். முட்டுக் கம்பு கொடுக்காமல் உள்ளே தலையை நீட்டாதே.

அளவை அனுப்பு. பொருந்துமென்றால் என் டி-சாவியை அடுத்த நாளே தபாலில் சேர்க்கிறேன். தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்
ராஜு