ஸ்டாஃப்னு பேர் வச்சா ஓ.டி. கிடையாதா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ஷிஃப்ட் சூப்பர்வைசரா இருக்கேன். நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் அதே லைன்ல ஆபரேட்டர். அப்போ என்னை மாத்திவிட வர்ற ரிலீவர் வரலைன்னு அடுத்த ஷிஃப்ட்டும் நின்னா டபுள் ஓ.டி., அதாவது கூடுதல் நேரத்துக்கு ரெண்டு மடங்கு கூலி வரும், தீபாவளிக்குத் துணி எடுக்கறதே அந்தக் காசுலதான். அப்புறம் புரமோஷன் குடுத்து நீ இனிமே ஸ்டாஃப்னு சொன்னாங்க, தெருவுக்கே ஸ்வீட் குடுத்தேன், அடுத்த மாசம் சாலரி ஸ்லிப்பைப் பாத்தா கைக்கு வர்றது முன்னவிட கம்மி. ஸ்டாஃபுக்கு ஓ.டி. கிடையாதாம், அதுக்குப் பதிலா இன்னொரு நாள் லீவு, காம்ப் ஆஃப் எடுத்துக்கலாமாம். எடுக்க விட்டாங்களான்னு மட்டும் கேக்காதீங்க.

ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல போனா ரெண்டு மடங்கு கூலின்னு 1948 தொழிற்சாலைகள் சட்டம் 59வது பிரிவுல இருந்துச்சு. மேற்பார்வை வேலைல இருக்கறவங்களுக்கு விலக்குன்னு 64வது பிரிவைக் காட்டி எச்.ஆர்.ல வாயை அடைச்சிடுவாங்க. ஆனா அதே பிரிவுலயே இன்னொரு வரி இருந்துச்சு சார், சம்பளம் ஊதியப் பட்டுவாடா சட்டத்தோட வரம்பைத் தாண்டலைன்னா அந்த சூப்பர்வைசருக்கும் ஓ.டி. உண்டுன்னு. அந்த வரம்பு 2017லேந்து 24,000 ரூபாயா இருந்துச்சு. எனக்கு பேசிக்கும் டிஏவும் 19,200, மத்த அலவன்ஸ் எல்லாம் சேர்த்தாலும் 22,500தான். அப்போ எத்தனை ராத்திரிக் காசு போச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. இது எனக்குத் தெரிஞ்சதே போன மாசம், யூனியன் அண்ணன் ஒருத்தர் சொல்லி.

தெரிஞ்ச நேரத்தைப் பாருங்க. 2025 நவம்பர் 21லேந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துடுச்சு, அதுல சூப்பர்வைசரா இருந்து 18,000க்கு மேல வாங்கினா தொழிலாளி கணக்குலயே வரமாட்டோம், அதுல வேலை நேரம், பணிப் பாதுகாப்பு பத்தின தொகுப்புல டபுள் ஓ.டி.யோ தொழிலாளிக்குத்தான்னு போட்ருக்கு. தொழில் தகராறு சட்டத்துல 10,000மா இருந்த வரம்பை 18,000 ஆக்கிட்டோம்னு சொல்றாங்க, அது நிஜம்தான், ஆனா ஓ.டி. விஷயத்துல 24,000 இருந்தது 18,000க்கு இறங்கிருக்கே அதை டிவி விவாதத்துல ஒருத்தர்கூட பேசி நான் பாக்கலை.

2023ல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம்ங்கற தமிழ்நாட்டு மசோதாவுக்கு ஊரே கொதிச்சு, மே தினத்தன்னிக்கு முதல்வர் வாபஸ்னு சொன்னாரு. சந்தோஷம். நாங்க ஸ்டாஃபுங்க அந்த மசோதா இல்லாமலே அப்பவும் 12 மணி நேரம்தான் நின்னுட்டிருந்தோம்.

பதவிப் பேரைப் பாக்காதீங்க, செய்யற வேலையைப் பாருங்கன்னு உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியாச்சு. லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் எனக்கு இல்ல, ஆள் வரலைன்னா மெஷின்ல நிக்கறது நான்தான், இதுல என்ன மேற்பார்வை? ஆனா அதுக்காக ஒவ்வொருத்தனும் கோர்ட்டுக்குப் போக முடியுமா, போனா மறுநாள் கேட்டுல விடுவாங்களா.

இந்த 18,000த்தை ஏத்தறதுக்கு பார்லிமென்ட் கூடத் தேவையில்ல, மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டா போதும்னு சட்டத்துலயே இருக்கு. முதல்ல பழைய 24,000த்தையாவது திருப்பிக் குடுங்க, அதுவே 2017 விலைவாசிக்குப் போட்ட கணக்கு. தமிழ்நாடு அரசும் இதைக் கேட்டு டெல்லிக்கு எழுதணும்.

இப்படிக்கு,
ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருத்தர், ஒரகடம்