தெலோனியஸ் மங்க் வாசிக்காத ஆறு ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1950-களில் நியூயார்க் இரவு விடுதிகளில் பல ஆண்டுகள் தென்படாமல் போனதற்கு அவருடைய விசித்திர சுபாவமே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று.

அந்நகரில் மது பரிமாறும் விடுதியில் பாடவோ வாசிக்கவோ வேண்டுமானால், 1940 முதல் 1967 வரை, காவல்துறையிடம் கைரேகை பதித்து ‘கேபரே கார்டு’ என்ற அனுமதி அட்டையைப் பெற்றாக வேண்டும். 1951 ஆகஸ்டில் மங்க்கும் நண்பர் பட் பவலும் இருந்த காரில் ஹெராயின் பிடிபட்டது. நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்த மங்க் 60 நாள் சிறையிலிருந்தார், கார்டும் பறிபோயிற்று. 1957-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. அதுவரை குடும்பம் ஓடியதில் மனைவி நெல்லியின் சம்பாத்தியத்துக்குப் பெரும்பங்குண்டு.

இசைத்தட்டுப் பதிவுக்கும் கச்சேரி அரங்குக்கும் கார்டு தேவையில்லை. அதனால்தான் சிறையிலிருந்து வெளிவந்த பாடகி பில்லி ஹாலிடே 1948 மார்ச்சில் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் பாட முடிந்தது. அதே ஊரில் ஐம்பது பேர் அமரும் விடுதியில் பாட அவருக்கு அனுமதியில்லை. எப்போதோ ஒருமுறை கார்னகி ஹாலில் பாடி யாரும் வீட்டு வாடகை கட்டிவிட முடியாது.

வருமானத்தைவிடப் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. ஜாஸ் குழு பக்குவப்படுவதே ஒரே விடுதியில் வாரக்கணக்கில் இரவுதோறும் சேர்ந்து வாசிப்பதில்தான். கார்டு கைக்கு வந்ததும், 1957 ஜூலையில், மங்க் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் ஜான் கோல்ட்ரேனோடு வாசிக்கத் தொடங்கினார். கோல்ட்ரேன் சாக்ஸபோனில் தனி ஆவர்த்தனத்தில் இறங்கியதும் மங்க் பியானோவை விட்டெழுந்து மேடையிலேயே சுற்றிச் சுற்றி ஆடுவாராம். கட்டுரையாளருக்கு விசித்திரமாகப் பட்டது இதுதான் போலும். பியானோவின் துணையில்லாமல் பாஸும் டிரம்ஸும் சாக்ஸபோனை எப்படித் தாங்குகின்றன என்று அவர் உடம்பாலேயே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று இருவரும் கார்னகி ஹாலில் வாசித்ததன் ஒலிப்பதிவு 2005-இல் அமெரிக்க அரசின் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு வெளிவந்திருக்கிறது. நான்கு மாத இரவுகளின் பழக்கம் அதில் துல்லியமாகக் கேட்கும்.

மறு ஆண்டே, 1958-இல், டெலவேர் மாநிலத்தில் ஒரு மோட்டலில் தண்ணீர் கேட்கப் போன மங்க், போலீசாரிடம் கைகளில் அடிபட்டு, கைதாகி, கார்டை மீண்டும் இழந்தார்.

கட்டுரையில் இவற்றில் ஒரு வரியும் இல்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை