சிங்கப்பூர் அணிவகுப்பு டிக்கெட் விற்பனைக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் பல வெளிநாடு கிளம்புவது இந்தச் சமயத்தில்தான். கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் முதல் தேர்வு சிங்கப்பூர். இதைக் கணக்குப் பண்ணி, 'ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பு, அரங்க இருக்கையுடன்' என்று சில விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அந்த இருக்கையை எந்த ஏஜென்டும் விற்க முடியாது. டிக்கெட் இலவசம். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே விண்ணப்பிக்கலாம், அதுவும் குலுக்கலில் விழுந்தால்தான். நம் வ.உ.சி. மைதானத்துக்குப் போய்க் கொடியேற்றம் பார்ப்பதுபோல நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், தடுப்புக் கம்பிக்கு வெளியே நிற்கும்போதுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் டிக்கெட் இல்லாமலே பாதி விழாவைப் பார்த்துவிடலாம். போர் விமானங்கள், தேசியக் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும் சினூக் ஹெலிகாப்டர், அதிபருக்கான 21 குண்டு மரியாதை, வாணவேடிக்கை எல்லாம் வெளியிலிருந்தே தெரியும், கேட்கும். தெரியாதது மைதானத்து அணிவகுப்பும் மேடை நிகழ்ச்சியும்தான். அவற்றைச் சிங்கப்பூரின் வசந்தம் தொலைக்காட்சியின் தமிழ் நேரலையில் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது இடம். 1966இல் முதல் அணிவகுப்பு பாடாங் திடலில் நடந்தது. பிறகு மரீனா பே மிதவை மேடை, தேசிய விளையாட்டரங்கம் என்று மாறி மாறி நடந்திருக்கிறது. விளையாட்டரங்கம் இருப்பது காலாங்கில். மரீனா பே பக்கம் அதிக வாடகைக்கு ஓட்டல் போட்ட பிறகு விழா காலாங்கில் என்று தெரிந்தால் காசு தண்டம். இடம் சில மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு ஓட்டல் பதிவு செய்வது நல்லது.

விழா பாடாங்கில் என்றால் எஸ்பிளனேட் கரை, மெர்லயன் பூங்கா, ஹீலிக்ஸ் பாலம், மரீனா பராஜ் புல்வெளி ஆகியவை வசதியான இடங்கள். கரையோரக் கம்பியை ஒட்டி நிற்க வேண்டுமானால் மாலை நான்கு மணிக்குள் போய்விட வேண்டும். அங்கே சூரியன் மறைய ஏழேகால் மணி ஆகும். விமானங்கள் வெளிச்சத்திலேயே பறந்துவிடும், வாணவேடிக்கை இருட்டிய பிறகு. இதில் பலரும் கோட்டை விடுவது காற்றின் திசையில்தான். ஆகஸ்டில் அங்கே காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். முதல் சில வெடிகளின் புகை வடக்கே நகர்ந்து, அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அடுத்தடுத்த வெடிகளை மறைத்துவிடும். போனதும் பக்கத்தில் தொங்கும் கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்து, காற்று முதுகில் படும்படி நின்றால் போதும். பீரங்கிச் சத்தம் கட்டடங்களில் பட்டு எதிரொலிக்கும். கைக்குழந்தை உள்ளவர்கள் சற்றுத் தள்ளியே நிற்கலாம். குடை பின்னால் நிற்பவரை மறைக்கும், மழைக்கோட்டு போதும். மேகம் தாழ்ந்துவிட்டால் பாராசூட் வீரர்கள் குதிப்பது ரத்தாகும். அதற்காக மட்டுமே போகிறவர்கள் ஏமாற வாய்ப்புண்டு.

திரும்பும்போதுதான் உண்மையான நெரிசல். சிட்டி ஹால், எஸ்பிளனேட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்களில் ஆட்களைத் தவணை முறையில்தான் உள்ளே விடுவார்கள். இருபது நிமிடம் நடந்து பூகிஸ் போய் ஏறினால் சீக்கிரம் அறைக்கு வந்துவிடலாம். டாக்சியை நம்ப வேண்டாம், சாலைகள் மூடியிருக்கும். கைப்பேசி சிக்னலும் திணறும். எங்கே சந்திப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

எங்களைக் கேட்டால் ஆகஸ்ட் 9ஐ விட ஜூலை சனிக்கிழமைகளே மேல் என்போம். பள்ளிப் பிள்ளைகளுக்கான காட்சிகளும் முழு ஒத்திகைகளும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். விமானமும் உண்டு, வாணவேடிக்கையும் உண்டு. கூட்டமும் ஓட்டல் வாடகையும் குறைவு. அடுக்குமாடி வீடுகளில் ஜூலை 1 முதலே வரிசையாகக் கொடி தொங்கத் தொடங்கிவிடும். அந்தக் காட்சியைக் காண டிக்கெட்டும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம்.

இன்னொன்று, ஆகஸ்ட் 15 வரை தங்குகிறவர்களுக்கு. பிற நாட்டுத் தேசியச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதை அங்கே 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. மூவர்ணக் கொடியைத் தெருவில் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கூடாது. கொடி காத்த குமரனின் ஊர்க்காரர்களிடம் கொடியை மடித்துப் பையில் வையுங்கள் என்று சொல்வது சங்கடம்தான், இருந்தாலும் சட்டம் சட்டமே. குருமாவுக்கு என்று கசகசாவும், வாய்க்கு என்று புகையிலையும் எடுத்துப் போகக் கூடாது. இரண்டுக்கும் அங்கே தடை உண்டு. டிரோன் பறக்கவிடுவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

அணிவகுப்பையே நேரில் பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு மலேசியா ஏற்றது. ஆகஸ்ட் 31 மெர்டேக்கா (சுதந்திர தின) அணிவகுப்பைப் பொதுமக்கள் சாலையோரம் நின்றே பார்க்கலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அணிவகுப்பு அண்மை ஆண்டுகளில் அதன் பக்கத்திலுள்ள நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவில் நடந்திருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் விழாவுக்கு விடியும் முன்பே இடம் பிடிக்க வேண்டும். முந்தின இரவே சாலைகளை மூடிவிடுவதால் காரைவிட ரயிலே வசதி.

இரண்டு நாடுகளுக்கும் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். கட்டணம் கேட்கும் பக்கம் எதுவும் அரசுப் பக்கம் அல்ல. சிங்கப்பூருக்கு நம் பாஸ்போர்ட்டுக்கு விசா தனியாக வேண்டும், இந்த அட்டை விசா ஆகாது. அதை விசா என்று நம்பி வந்தவர்களை விமான நிறுவனம் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

'அரங்க இருக்கை' என்று எழுதியிருக்கும் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டும் முன், எந்த இருக்கை, யார் கொடுத்தது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் ஜூன் மாதமே ஒத்திகைத் தேதிகளை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், ஆடிப் பயணத்துக்குத் திட்டமிடும் இப்பகுதி வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டாளர்கள் சிலர்,
காந்திபுரம், கோயம்புத்தூர்.